அச்சேறிய விளையாட்டுக் கையெழுத்து

தபாலிற் கடிதமொன்று வந்தால், அதனைப் பிரிப்பதற்கு முன்னரே உறையின்மேல் எழுதப்பட்டுள்ள விலாசத்தை நோக்கி, இஃது இன்னாரிடமிருந்து வந்தது என்று நாம் அறிந்துகொள்கின்றோம். எழுதினவர் விரைந்து எழுதினாரா, அமைதியாக இருந்து எழுதினாரா, மூத்தோர்க்கு எழுதும் அச்சத்தோடு எழுதினாரா, தோழர்க்கு எழுதும் உரிமையோடு எழுதினாரா என்பதும் ஒருவாறு புலனாகும். அறைக்கு வெளியே நின்று பேசுவாரைச் சொல் விளங்குமுன் குரலால் அறிதல் போன்றது இது. அச்செழுத்திலோ எழுதினவர் கை மறைந்துபோகின்றது. ஆயினும் குரல் முற்றும் மறைந்ததன்று. ஒரே வாக்கியத்தை நீதிமன்ற அறிவிப்பிற் காணும் எழுத்தில் ஒருமுறையும், மிட்டாய்ப் பெட்டியின்மேற் காணும் எழுத்தில் ஒருமுறையும் அச்சிட்டு நோக்கின், முன்னது கட்டளையாகவும் பின்னது அழைப்பாகவும் தோன்றுதலை யாவரும் உணரலாம்.

அச்செழுத்துக்கு இங்ஙனம் அமைந்த குரல்களுள், கையால் எழுதினாற் போலவும் அதனையும் விளையாட்டாக எழுதினாற் போலவும் ஒலிக்கும் குரலொன்றைப் பற்றியே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். கணிப்பொறியிற் பணி செய்வோர் ஒரே சாயலுடைய எழுத்துத் தொகுதியை எழுத்துரு என வழங்குவர். நாமும் அச்சொல்லையே கொள்வோம். ஆங்கிலம் முதலிய மொழிகளுக்குரிய உரோமன் எழுத்தில் இவ்வகை உருக்கள் பல உள. அவற்றுள் பெரிதும் வழங்கியதும் பெரிதும் இகழப்பட்டதும் காமிக் சான்ஸ் என்பதாம். அதனைப் பழித்தல் கற்றோர் சிலரிடத்து நாகரிகத்தின் ஓர் அடையாளமாகவே கருதப்பட்டு வந்துள்ளது. அப்பழி எவ்வளவு பொருந்தும் என்று துணிவதற்கு, அவ்வெழுத்துப் பிறந்த இடத்தையும் அதன் உறுப்புக்களையும் முதலில் அறிதல் வேண்டும்.

கையெழுத்தை அச்சில் ஏற்ற முயலுதல் புதிதன்று. ஐரோப்பாவில் அச்சுத்தொழில் தொடங்கிய காலத்து எழுத்து வெட்டினோர், தம் கண்முன் இருந்த கையெழுத்துப் பிரதிகளையே மாதிரியாகக் கொண்டனர். வேறு மாதிரி அவர்க்கு இல்லை. 1501-இல் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூஷியஸ் என்பார், பிரான்செஸ்கோ கிரிப்போ என்னும் எழுத்து வெட்டுநரைக் கொண்டு, கற்றறிந்தோர் விரைந்தெழுதும் சாய்ந்த கையெழுத்தை அச்செழுத்தாக்கி, வர்ஜில் என்னும் பெரும்புலவரின் நூலைக் கைக்கடக்கமான வடிவில் வெளியிட்டார். இத்தாலிக் என இன்று நாம் கூறும் சாய்வெழுத்து அதுவே. ஒரு நூல் முழுவதையும் தானே தாங்கிநின்ற அவ்வெழுத்து, நாளடைவில் நேரெழுத்தின் நடுவே ஒரு சொல்லை அழுத்திக் காட்டும் ஏவலாளனாயிற்று. அதுவும் ஒருகாற் கையெழுத்தாயிருந்தது என்று இப்பொழுது நினைப்பார் அரியர்.

இதனினும் சுவையுடையது பிரெஞ்சு நாட்டு வரலாறு. லியோன் நகரத்து ரோபேர் கிராஞ்ஜோன் என்னும் எழுத்து வெட்டுநர், இத்தாலியர்க்குத் தம் கையெழுத்தின் வழிவந்த அச்செழுத்து இருக்கப் பிரெஞ்சுக்காரர்க்கு மட்டும் ஏன் இல்லை என்னும் மான உணர்ச்சி மேலிட்டவராய், தம் நாட்டார் அன்றாடம் எழுதும் சுழிகள் நிறைந்த கையெழுத்தை உலோகத்தில் வெட்டி 1557-இல் ஒரு நூல் அச்சிட்டனர். இரண்டாம் ஹென்றி மன்னர், அவ்வெழுத்தைப் பத்தாண்டு பிறர் எவரும் பயன்படுத்தலாகாது என்று அவர்க்கு உரிமையும் அளித்தனர். இத்துணைப் பெருமையோடு தோன்றிய எழுத்து யாது பயனுக்கு ஆயிற்று எனின், சிறுவர்க்கு நன்னடை கற்பிக்கும் புத்தகங்களுக்கு ஆயிற்று என்க. எராஸ்மஸ் என்னும் பேரறிஞர் 1530-இல் இலத்தீனில் இயற்றிய சிறுவர் நன்னடை நூலின் பிரெஞ்சு வடிவம், 1559-இல் ஆன்ட்வெர்ப் நகரத்தில் அவ்வகை எழுத்தால் அச்சிடப்பட்டது. சிறுவர் அதனைப் படிக்குங்கால், ஒழுக்கத்தோடு கையெழுத்தை வாசிக்கவும் பழகுவர் என்பது கருத்து. பின்னர் அத்தகைய புத்தகங்கள் பல வெளிவரவே, மரியாதை என்று பொருள்படும் சிவிலித்தே என்னும் சொல்லே அவ்வெழுத்துக்குப் பெயராகி நிலைத்தது. நாட்டின் பெருமைக்கென்று வெட்டப்பட்ட எழுத்து, பெரியோர் நூல்களில் வேரூன்றாது, சிறுவர் புத்தகத்திலேயே நெடுங்காலம் வாழ்ந்தது. கையெழுத்தைப் போலும் அச்செழுத்துக்கும் இளஞ்சிறார்க்கும் உள்ள உறவு எவ்வளவு பழைமையது என்பதற்காகவே இதனைச் சற்று விரித்துரைத்தோம்.

நிற்க. கையெழுத்தைப் போலச் செய்யும் எழுத்துரு எதற்கும் ஓர் இடர் உண்டு. ஒருவர் தம் கையால் ஒரே பக்கத்தில் நூறு முறை ஓர் எழுத்தை எழுதினால், அந்நூறும் நூறு விதமாயிருக்கும். அச்சிலோ நூறும் ஒன்றே. ஒரு சொல்லில் ஒரே எழுத்து இரண்டு முறை அடுத்து வருமாயின், அவ்விரண்டும் இரட்டைப் பிள்ளைகளைப் போல் ஒத்து நின்று, இது கையன்று என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். 1953-இல் ரோஜே எக்ஸ்கோபோன் என்பார் மார்செய் நகரத்து ஒலீவ் வார்ப்பகத்திற்கென்று தம் கையெழுத்தையே மாதிரியாக வைத்து மிஸ்திரால் என்னும் எழுத்தை அமைத்தபோது, எந்த எழுத்து எதனையடுத்து வரினும் கோடு அறாமல் தொடருமாறு செய்து இவ்விடரை ஓரளவு மறைத்தனர். கண்ணானது தனி எழுத்தில் தங்காமல் கோட்டின் ஓட்டத்தோடு செல்லுமாதலின், ஒப்புமை எளிதிற் புலப்படுவதில்லை. 1993-இல் எரிக் வான் பிளாக்லாண்டு என்னும் ஒல்லாந்தர் வேறொரு வழி கண்டனர். சித்திரக்கதைக்குத் தாம் எழுதும் கையெழுத்திலிருந்து கொஸ்மிக் என்னும் உருவை ஆக்கி, ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று வடிவம் வைத்து, அவை மாறிமாறி வருமாறு அமைத்தனர். இக்காலத்து எழுத்துருக்கள் பலவற்றில் அண்டையெழுத்தை நோக்கித் தானே வடிவம் மாறும் வசதியும் உண்டு. காமிக் சான்ஸோ இவ்விடரைத் தீர்க்கச் சிறிதும் முயன்றதன்று. அது கையெழுத்தென்று நம்மை ஏமாற்ற வந்ததன்று. சித்திரக்கதையின் எழுத்தை நினைவூட்ட வந்தது. இவ்வேறுபாடு முக்கியமானது.

அதன் பிறப்பு வரலாறு பின்வருமாறு. 1994-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மைக்ரோசாப்ட் நிறுவனம் பாப் என்னும் பெயரால் ஒரு மென்பொருளை ஆக்கிக்கொண்டிருந்தது. கணிப்பொறியை அதற்குமுன் தொட்டறியாதாரும் அஞ்சாமல் அணுகுதற்கென்று அது வகுக்கப்பட்டது. திரையில் ஒரு வீட்டின் அறை தோன்றும். அங்குள்ள பொருள்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கு வாயிலாயிருக்கும். ரோவர் என்னும் நாயொன்று முன்வந்து வழி கூறும். அது கூறுவன சித்திரக்கதையிற் போலப் பேச்சுக் குமிழியினுள் எழுத்தாக வரும். அந்நிறுவனத்தில் எழுத்துருப் பணியில் இருந்த வின்சென்ட் கொனேர் என்பார் அதனைச் சோதித்துப் பார்த்தபோது, நாயின் குமிழியுள் இருந்தது டைம்ஸ் நியூ ரோமன் என்னும் எழுத்து. 1932-இல் இலண்டன் டைம்ஸ் பத்திரிகைக்கென்று அமைக்கப்பட்டது அது. ஆகவே, பெரும் பத்திரிகையின் தலையங்கக் குரலில் ஒரு நாய் பேசுவதாயிற்று! பிறர் எவர்க்கும் தோன்றாத இப்பொருத்தமின்மை கொனேருக்கு உறுத்தலாயிற்று.

அவரது பணியறையில் 1986-ஆம் ஆண்டளவில் வெளிவந்த இரண்டு சித்திரக்கதை நூல்கள் இருந்தன. ஒன்று தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ், மற்றொன்று வாட்ச்மென். முன்னதன் எழுத்து ஜான் கோஸ்டான்சா என்பாரது கைவண்ணம். பின்னதன் எழுத்து, அதன் ஓவியராகிய டேவ் கிப்பன்ஸ் தாமே எழுதியது. கொனேர் அவற்றைத் திறந்து எதிரே வைத்துக்கொண்டு, படியெடுக்காமல், அச்சாயலை மட்டும் உட்கொண்டு, கணிப்பொறியின் சுட்டியாலேயே எழுத்துக்களைத் திரையில் வரைந்தனர். பேனாவால் வரைபவர்க்கு எளிதாகிய வளைவு, சுட்டியால் வரைபவர்க்கு எளிதன்று. இவ்வெழுத்துக்களிற் காணும் சிறு கோணல்களைப் பற்றிப் பேசுவோர் இதனையும் நினைத்தல் தகும்.

இத்துணை முயற்சியும் நாய்க்குப் பயன்பட்டதா எனின், இல்லை. டைம்ஸ் எழுத்தின் அளவை வைத்தே குமிழிகளும் கட்டங்களும் முன்னரே அமைக்கப்பட்டிருந்தன. புதிய எழுத்தோ அதனினும் அகன்றது. சொற்கள் கட்டத்துள் அடங்கவில்லை. ஆகவே 1995-இல் பாப் வெளிவந்தபோது ரோவர் பழைய தலையங்கக் குரலிலேயே பேசிற்று. அடுத்த ஆண்டே அம்மென்பொருள் கைவிடப்பட்டது. ஆனால் எழுத்து இறந்ததன்று. சிறுவர்க்கென்று அதே நிறுவனம் வெளியிட்ட முப்பரிமாணப் படம் இயற்றும் மென்பொருளில் அது முதலில் இடம் பெற்றது; பின்னர் 1995-இல் விண்டோஸ் 95-இன் துணைப்பொதியிற் சேர்ந்தது; அதன்பின் இணையம் உலாவும் மென்பொருளோடும் சென்றது. ஆப்பிள் நிறுவனத்தின் கணிப்பொறிகளிலும் அது இடம் பெற்றது. இவ்வாறு சில ஆண்டுகளில், விலை கொடாமலும் வேண்டிக் கேளாமலும், கோடிக்கணக்கானவரின் மேசைமேல் அது வந்து அமர்ந்தது.

இனி அதன் உறுப்புக்களை நோக்குவோம். கோடுகள் யாவும் ஏறக்குறைய ஒரே பருமன் உடையன, நுனிகள் மழுங்கியவை. ஸ்கெட்ச் பேனா என நம் சிறுவர் கூறும் மழுங்குநுனிப் பேனாவால் எழுதினாற் போன்றவை. நேர்நிற்க வேண்டிய கோடுகள் சற்றே சாய்ந்தும் வளைந்தும் நிற்கும். சிற்றெழுத்தாகிய ஏ, நூல்களிற் காண்பதுபோல் மேலே கூரை கவிந்ததாயில்லாமல், பள்ளிச் சிறுவர் எழுதுவதுபோல் ஒரு வட்டமும் அதன் பக்கத்தே ஒரு கோடுமாக அமைந்துள்ளது. சிற்றெழுத்தாகிய பி, டி என்பன பல எழுத்துருக்களில் ஒன்றையொன்று கண்ணாடியிற் கண்ட நிழல்போல் ஒத்திருக்கும்; இதனிலோ அவை முற்றும் ஒத்தனவல்ல. சான்ஸ் என்னும் சொல், கோட்டின் நுனியிலே செரிப் என்னும் குறுங்கோடுகள் இல்லாதது என்று பொருள்படும். ஆயினும் பெரிய எழுத்தாகிய ஐ மட்டும் மேலும் கீழும் குறுங்கோடு பெற்றுள்ளது. அஃது இல்லையேல், அதுவும் சிற்றெழுத்தாகிய எல்லும் தனிக்கம்பமாய் நின்று மயக்கம் தரும். ஆங்கிலச் சித்திரக்கதை எழுதுவோர், நான் என்னும் பொருளில் ஐ தனிச்சொல்லாக வரும்போது மட்டுமே அக்குறுங்கோடுகளை இடுவர். சொல்லின் இடையே இடார். இம்மரபைக் காமிக் சான்ஸ் காவாமை பற்றி அத்தொழிலில் வல்லார் அதனைத் தம் குமிழிகளில் ஏற்பதில்லை. மேலும், சித்திரக்கதை எழுத்துப் பெரும்பாலும் பெரிய எழுத்தாலேயே அமைவது. மட்டமான தாளில் மை பரவினும் படிக்கக்கூடியதாய் இருத்தல் வேண்டியும், குமிழியுள் வரிகள் நெருங்கி அடங்குதல் வேண்டியும் எழுந்த வழக்கம் அது. கொனேரோ சிற்றெழுத்துக்களையும் சேர்த்து வரைந்தனர். ஆகவே சித்திரக்கதையின் பெயரைத் தாங்கிய இவ்வெழுத்து, சித்திரக்கதையை விட்டுச் சிறுவன் குறிப்பேட்டை நெருங்கிற்று என்றல் பொருந்தும்.

குறைகளும் உண்டு, அவற்றை மறைத்தல் நம் கருத்தன்று. ஒரு வரியைச் சற்று எட்ட வைத்து நோக்கினால், கருமை சமமாகப் பரவாமல் அங்கங்கே திட்டுத்திட்டாகத் தோன்றும். சில எழுத்துக்கள் அடுத்து வருமிடத்து இடைவெளி அகன்றும், வேறு சில வருமிடத்துக் குறுகியும் காணும். பத்து வரியிற் பொறுத்துக்கொள்ளத்தக்க இச்சமமின்மை, பத்துப் பக்கங்களிற் கண்ணை அயரச் செய்யும். நாய் பேசுவதற்கு வேண்டியது ஒரு குமிழிக்கு இரண்டு வரி. அவ்வளவுக்கே அளந்து செய்யப்பட்ட ஆடை இது.

இவ்வளவிற்று ஆகிய எழுத்தை மக்கள் ஏன் இத்துணை விரும்பினர்? இதற்கு விடை எழுத்தில் மட்டும் இல்லை, காலத்திலும் உண்டு. முன்னாளில் ஓர் அறிவிப்பையோ அழைப்பையோ அச்சிட விரும்புவார், எழுதிய தாளை அச்சுக்கூடத்திற் கொடுத்துவிட்டு வருவர். இன்ன எழுத்தில் இன்ன அளவிற் கோக்க வேண்டும் என்று தெரிந்தெடுப்பவர், எழுத்துப் பெட்டியின்முன் நிற்கும் அச்சுக் கோப்பவரே. அவர்க்கு அது வழிவழி வந்த தொழில். தட்டச்சுப் பொறியிலோ தெரிவு என்பதே இல்லை. தனிக் கணிப்பொறி வீடுதோறும் வந்த 1990-ஆம் ஆண்டுகளிலேதான் பொதுமக்கள் பெருந்தொகையினராய் முதன்முதல் எழுத்தைத் தாமே தெரிந்தெடுக்கும் உரிமை பெற்றனர். பட்டியலைத் திறந்து பார்த்தால், அலுவலகத்துக் குரலும் பத்திரிகைக் குரலும் புத்தகக் குரலும் அங்கே வரிசையாய் நின்றன. தன் பிள்ளையின் பிறந்தநாள் அழைப்பை எழுதும் தாயும், மாதர் சங்கத்துத் தேநீர் விருந்தை அறிவிக்கும் செயலாளரும், பேசும்போது தாம் சிரித்துப் பேசுவது போலவே தாளிலும் தோன்ற விரும்பினர். அங்ஙனம் சிரிக்கும் முகத்தோடு அப்பட்டியலில் நின்றது இவ்வொன்றே போலும். ஆதலின் அதனைக் கைப்பற்றினர். இதனை அறியாமை என்று கூறுவோர் உளர். நாம் அவ்வாறு எண்ணுவதில்லை. எழுத்துக்குக் குரல் உண்டு என்னும் உண்மையைக் கற்பிப்பார் இன்றித் தாமே உணர்ந்தவர் செயலாகவே அது நமக்குத் தோன்றுகின்றது.

ஆயினும், குரல் உண்டென உணர்தல் வேறு; இடமறிந்து பேசுதல் வேறு. 1999-இல் இந்தியானாபொலிஸ் நகரத்தில் டேவ் கோம்ஸ், ஹாலி கோம்ஸ் என்னும் இருவர், சிறுவர் அருங்காட்சியகம் ஒன்றன் பணிக்கு இவ்வெழுத்தையே பயன்படுத்துமாறு பணிக்கப்பட்டு, அதனால் வெறுப்புற்று, காமிக் சான்ஸை விலக்குமின் என்று ஓர் இயக்கமே தொடங்கினர். விளையாட்டாகத் தொடங்கிய அதற்கு நாளடைவில் உலகெங்கும் ஆதரவாளர் பெருகினர். வேடிக்கை யாதெனின், சிறுவர் அருங்காட்சியகம் இவ்வெழுத்துக்கு ஒருவாறு பொருந்திய இடமே ஆகும். பொருந்தாத இடங்களைக் காட்ட வேறு நிகழ்ச்சிகள் உள. 2010-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்கக் கூடைப்பந்துக் கழகம் ஒன்றன் உரிமையாளர், தம் கழகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் வேறு கழகத்திற்குச் சென்றமை பற்றிக் கடுஞ்சினம் கொண்டு பொதுமக்களுக்கு எழுதிய கடிதம் இவ்வெழுத்தில் வெளிவந்தது. சினந்து முழங்குபவர் வாயிலிருந்து மழலை வந்தாற் போல் அதனைக் கண்டார் நகைத்தனர். அவர் கூறிய குற்றச்சாட்டு ஒருபுறம் கிடக்க, அதன் எழுத்தே உலகத்தார் பேச்சாயிற்று. 2013-இல் பதினாறாம் பெனடிக்ட் பாப்பரசர் பதவி துறந்த காலத்தில் வத்திக்கானிலிருந்து வெளியான படத்தொகுதியிலும் இவ்வெழுத்தே இருந்தது. அங்கே சினம் இல்லை, அன்பே இருந்தது; ஆயினும் அறுநூறு ஆண்டுகளாக நிகழாத ஒன்று நிகழ்ந்தபோது மக்கள் எதிர்பார்த்த குரல் அது அன்று.

1912-இல் அன்று, 2012-இல் நிகழ்ந்த ஜெனீவாச் செய்தியோ இவற்றின் வேறுபட்டது. அவ்வாண்டு ஜூலை 4-ஆம் நாள், ஹிக்ஸ் துகள் என்று எதிர்பார்க்கப்பட்ட புதிய அணுத்துகள் ஒன்று காணப்பட்டது என்பதைச் செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் இரு குழுவினர் அறிவித்தனர். அட்லஸ் குழுவின் சார்பாகப் பேசிய பபியோலா ஜியானோட்டி அம்மையார் திரையிற் காட்டிய பக்கங்கள் யாவும் காமிக் சான்ஸ் எழுத்தில் இருந்தன. ஏறக்குறைய ஐம்பது ஆண்டு தேடியது கிடைத்தது என்னும் செய்தியை விடுத்து, எழுத்தைப் பற்றி எள்ளி நகையாடினோர் அன்று பலர். இங்கே நாம் நகைத்தோர் பக்கம் நிற்றல் இயலாது. அறிவியலார் ஒருவர் தம் தோழர்க்குத் தம் முடிவுகளை எடுத்துரைக்கும் பக்கங்கள் அவை. கற்பலகையிற் சுண்ணத்தால் எழுதிக் காட்டுவதற்கு ஈடானவை. கற்பலகையில் எழுதுங்கால் எவரும் கல்வெட்டெழுத்து எழுதுவதில்லை. அந்நிலையத்தாரும் இதனைப் பெரிதுபடுத்தாமல், 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில், இனித் தம் இணையப் பக்கங்கள் யாவும் இவ்வெழுத்திலேயே வரும் என்று முட்டாள்தினப் பரிகாசமாக அறிவித்து நகைத்தோரையும் நகைக்கச் செய்தனர்.

இவ்வெழுத்தை இகழ்ந்தோருள் நாமும் ஒருவராயிருந்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். சில ஆண்டுகளுக்குமுன் மாணவர் ஒருவர் தம் கட்டுரையை இவ்வெழுத்தில் அச்சிட்டுக் கொண்டுவந்தபோது, கல்லூரிக் கட்டுரை விளையாட்டன்று என்று சிவப்பு மையால் எழுதித் திருப்பினோம். அவர் ஒன்றும் கூறாமல் வேறெழுத்திற் படியெடுத்துத் தந்தார். பல மாதங் கழிந்த பின்னரே, அவர்க்கு எழுத்துக்கள் இடம் மாறித் தோன்றும் வாசிப்பிடர் சிறுவயது முதலே உண்டென்பதும், தாம் எழுதியதைத் தாமே திருத்திப் படிப்பதற்கு அவ்வெழுத்தே தமக்கு எளிதாயிருந்ததென்பதும் தெரியவந்தன. இரண்டாம் படியில் நாம் குறித்துக் காட்டிய எழுத்துப் பிழைகள் முதற்படியில் இல்லாதவை.

டிஸ்லெக்சியா எனப்படும் அவ்வாசிப்பிடர் உடையார்க்கு உதவும் பிரிட்டிஷ் சங்கம், அவர்க்கென்று அச்சிடுவார்க்கு வகுத்த வழிகாட்டியில், ஏரியல் என்னும் எழுத்தோடு காமிக் சான்ஸையும் ஏற்றவற்றுள் ஒன்றாகக் குறித்துள்ளது. மேலும் அது கூறும் சில எழுத்துக்களுள் டிரெபுஷே என்பதும் ஒன்று. அதுவும் கொனேர் ஆக்கியதே. பி, டி என்பன ஒன்றன் நிழல் ஒன்றாக இராமையும், ஏ கற்ற வடிவிலேயே இருத்தலும், எழுத்துக்கள் நெருங்காமல் நிற்றலும் இதற்குக் காரணம் என்பர். இவற்றுள் எழுத்திடைவெளியைப் பற்றி மட்டும் நாம் சற்றுத் துணிந்து கூறலாம். 2012-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இத்தாலியரும் பிரெஞ்சுக்காரருமாகிய 74 சிறுவர், வாசிப்பிடர் உடையார், எழுத்திடைவெளி அகற்றப்பட்ட பகுதிகளைப் பிழை குறைந்தும் விரைந்தும் படித்தனர் என்று கண்டனர். அவ்வாராய்ச்சி இவ்வெழுத்துருவைப் பற்றியதன்று. ஆகவே எழுத்துருவே மருந்து என்று பறைசாற்றுதல் தகாது. வேறோர் எழுத்தையும் இடைவெளி அகற்றி அச்சிட்டால் அதே நன்மை உண்டாதல் கூடும். ஆயினும், மறுமொழி கூறாமற் படியெடுத்துத் தரும் மாணவர் எத்துணையர் என்பதை எழுத்தை இகழ்வோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதற்கு மாறாக, இவ்வெழுத்துப் படித்தற்கு அரிது, அரிதாயிருத்தலாலேயே நினைவில் நிற்கும் என்று கூறிய ஆராய்ச்சியும் ஒன்றுண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2011-இல் வெளியிட்ட அதில், 28 பேர் புனைந்துரைத்த சில உயிர்களின் இயல்புகளை மனப்பாடம் செய்தனர். கரிய ஏரியல் எழுத்திற் படித்தோர் நூற்றுக்கு 72.8 பங்கும், வெளிறிய சிறு காமிக் சான்ஸ் முதலிய எழுத்திற் படித்தோர் 86.5 பங்கும் சரியாக விடை கூறினர். பத்திரிகைகள் இதனைப் பெரிதும் பரப்பின. ஆனால் ஊன்றி நோக்கின், இடையூறு செய்தது எழுத்தின் வடிவோ, அதன் வெளிறிய நிறமோ, சிறிய அளவோ என்று பிரித்தறிதற்கில்லை. அதன்பின் நிகழ்ந்த சோதனைகள் பலவற்றைத் தொகுத்து நோக்கி 2018-இல் வெளியிட்டோரும் அத்தகைய பயன் காணவில்லை. ஆசிரியர் எவரும் இதனை நம்பித் தம் பாடத்தாளை வேண்டுமென்றே மங்கலாக அச்சிடாதிருப்பாராக.

இனி இதனைப் பயன்படுத்தும் முறை பற்றிச் சில சொற்கள். ஒருவர் வாயிலிருந்து வரும் பேச்சாகத் தோன்ற வேண்டிய இடமே இதற்கு உரிய இடம். படத்தின் அருகே குறிப்பு, சிறுவர் பாடத்தாள், விளையாட்டு விதிகள், பிறந்தநாள் அழைப்பு, குழந்தை மருத்துவர் அறையின் சுவரிலுள்ள அட்டை என்பன அத்தகையன. அட்டையில் அஞ்சாதே என்று இருப்பின் இவ்வெழுத்தில் இருக்கலாம். மருந்தின் அளவு மட்டும் இதில் இருத்தலாகாது. கட்டளை, எச்சரிக்கை, இரங்கற் செய்தி, ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு இது கூடாது. மின்சார அபாயத்தை இவ்வெழுத்தில் எழுதினால், அபாயம் சிறிதென்று படிப்பவர் எண்ணக்கூடும்.

இதனோடு வேறோர் எழுத்தைச் சேர்க்க வேண்டுமாயின், நேரிய அமைதியான எழுத்தொன்றைச் சேர்த்தல் நன்று. இரண்டு விளையாட்டெழுத்துக்கள் ஒரு தாளில் நின்றால் ஒன்றையொன்று மறுத்துக் கூச்சலிடும். வரிக்கு வரி இடம் தாராளமாக விடுதல் வேண்டும். முழுவதையும் பெரிய எழுத்தால் அமைக்கின், குறுங்கோடு பெற்ற ஐ சொல்லின் நடுவே வந்து பல்லிடைச் சிக்கிய நார்போல் உறுத்தும். பல வண்ணங்களும் நிழலும் இதன்மேல் ஏற்றுவாரைப் பார்த்திருக்கின்றோம். சிரிக்கும் முகத்துக்குச் சாயம் பூசுதல் போன்றது அது.

கொனேரின் எழுத்திலுள்ள கோணல்களைத் திருத்தி, கிரெய்க் ரொசின்ஸ்கி என்பார் 2014-இல் காமிக் நியூ என்னும் எழுத்துருவை யாவரும் இலவசமாகக் கொள்ளுமாறு வெளியிட்டனர். கருமை சமமாகவும் இடைவெளி ஒழுங்காகவும் அமைந்தது அது. நீண்ட பகுதிக்கு விளையாட்டெழுத்தே வேண்டும் என்பார் அதனைக் கொள்ளலாம். ஆனால் தலைவாரிப் பொட்டிட்டு வகுப்பிற் கைகட்டி உட்கார்ந்த பிள்ளைபோல் அது நமக்குத் தோன்றுகின்றது. தெருவில் ஓடிய பிள்ளையின் முகம் அதிற் காணவில்லை. இவ்விரண்டில் எது வேண்டும் என்பதைத் திரையை நோக்கித் துணிதலினும், தாளில் அச்சிட்டு, எவர்க்கென்று எழுதினோமோ அவர் கையிலேயே கொடுத்து, அவர் எங்கே தடைப்படுகின்றார் என்று பார்த்துத் துணிதல் நலம். ஒரு கதவில் ஒட்டும் ஒற்றைத் தாளாயின் இத்தனையும் வேண்டா. பேனாவை எடுத்து நம் கையாலேயே எழுதிவிடலாம். அதில் இரண்டு எழுத்துக்கள் ஒருகாலும் ஒத்திரா.